எட்டுக் காருக்கு ஒரு மாட்டு வண்டி

ஜெயவேலுவின் கட்டைவிரல் நிற்பதில்லை. பெருங்களத்தூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இடது கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருப்பார். பேச்சு பேச்சாக இருக்க, வலது கைக் கட்டைவிரல் தொடையில் நான்கு தட்டுத் தட்டும். ஐந்தாவதற்குக் குறுக்கே ஓர் இழுப்பு. டீ தீர்வதற்குள் எத்தனை பஸ், எத்தனை லாரி போயிற்று என்று அவருக்குத் தெரிந்துவிடும். யாரும் கேட்கவில்லை. அன்று அவருக்கு வேலை நாளும் இல்லை. "இன்னா பண்றது சார், வெரலு சும்மா கெடக்க மாட்டேங்குது" என்பார்.

வயது ஐம்பத்திரண்டு. நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளர். வருடம் முழுக்கக் குழி அடைப்பார், ஓரத்துப் புல்லைச் செதுக்குவார், கிலோமீட்டர் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார். இரண்டே இரண்டு வாரம் மட்டும் அவர் ராஜா. அது வண்டி எண்ணும் வாரம். ஒரு சாலையில் ஏழு நாளில் எத்தனை வண்டி ஓடுகிறது என்று எண்ணிக் கொடுத்தால், அதை வைத்துத்தான் எதை அகலமாக்குவது, எதற்குப் பாலம் கட்டுவது, எதற்கு மாநில நெடுஞ்சாலை என்று எண் கொடுப்பது என்றெல்லாம் மேலே முடிவு செய்வார்கள். காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை ஜெயவேலுவின் முறை. இடம், அவருடைய சொந்த ஊரான நல்லேரிப்பாக்கத்துக் கிலோமீட்டர் கல்லடி.

கவிழ்த்துப் போட்ட தார் டிரம்தான் சிம்மாசனம். மேலே ஒரு கறுப்புக் குடை. மடியில் கிளிப் போட்ட அட்டை, சட்டைப் பொத்தான் துளையில் நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சில். பேனா ஆகாது, தூறல் விழுந்தால் லாரியெல்லாம் கரைந்து காரோடு சேர்ந்துகொள்ளும். இரண்டு மணி வரை தண்ணீர் குடிக்க மாட்டார், ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தவர்கள் கையசைத்தால் பதிலுக்கு அசைக்கவும் மாட்டார். "கைய தூக்கினேன்னு வெச்சிக்க, அதுக்குள்ள ரெண்டு ஸ்கூட்டரு பூடும்" என்பது அவர் நியாயம்.

தாளில் வண்டிக்கு ஒரு கட்டம். கார், பஸ், லாரி, டிராக்டர், சைக்கிள், மாட்டு வண்டி என்று வரிசையாகப் போய், வலது ஓரத்தில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் முடியும். மழை பெய்தால் அதில் 'மழை' என்று எழுதுவார்; மற்றபடி அது காலியாகவே கிடக்கும். கட்டத்துக்குள் அடங்காத வண்டிகளுக்கு அவரே சட்டம் வகுத்திருக்கிறார். லாரியை லாரி கட்டி இழுத்துப் போனால் இரண்டு. லாரி மேல் ஏற்றிய காருக்குக் கோடு கிடையாது; அது சரக்கு. அம்மன் கோயில் தேர் வந்த அன்று மட்டும் திணறிப்போய், ஆபீசுக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். பஞ்சரான சைக்கிளைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை. "ஏறிக்கினு போனா சைக்கிளு. தள்ளிக்கினு போனா மனுசன். மனுசனுக்கு கட்டம் கெடையாது. நடந்து போறவன் கணக்குலயே இல்ல சார், பாவம்."

எந்தச் சாலைக்கு எந்த வருடம் எந்த எண் வந்தது, எது பழைய எண்ணைப் பறிகொடுத்தது, எந்த நெடுஞ்சாலை எந்த ஏரிக்கரையை விட்டுவிட்டு எந்த ஊர்ப் பக்கம் சாய்ந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். காஞ்சிபுரத்துக்கு எப்படிப் போவது என்று அவரிடம் வழி கேட்பது ஆபத்து. முதலில் எண், அடுத்து அந்த எண்ணுக்கு முந்தைய எண், அதற்கப்புறம் அது பாதை மாறிய கதை. கதை பாலத்தைத் தாண்டுவதற்குள் கேட்டவர் பஸ் ஏறிப் போயிருப்பார்.

இந்தப் பைத்தியத்துக்கு வேர் ஊரில் இருக்கிறது. நல்லேரிப்பாக்கத்துச் சாலை ஒரு காலத்தில் எண் வைத்த மாநில நெடுஞ்சாலை. என்ன எண் என்று இங்கே எழுதினால் இப்போது அதை வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எழுபதுகளில் வடக்கே வேறிடத்தில் புதுப் பாலம் கட்டினார்கள். எண்ணும் அந்தப் பக்கமே போய்விட்டது. மாநில நெடுஞ்சாலைக் கல்லுக்குத் தலை பச்சையாக இருக்கும். ஊர்க் கல்லின் பச்சையைச் சுரண்டி வெள்ளை அடித்த வேலையும் ஜெயவேலு தலையில்தான் விழுந்தது. அன்றிலிருந்து அந்தக் கல்லுக்கு எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும், பழைய எண் இருந்த இடத்தில் மட்டும் அவர் நார்மட்டை மெலிசாகவே விழும். உற்றுப் பார்த்தால் எண் தெரியும்.

எண் போனதும் சலுகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பஸ் குறைந்தது, தார் காணாமல் போயிற்று. எல்லாவற்றையும் விட மோசம், ஊர் எல்லையில் இருந்த தரைப்பாலம். ஐப்பசியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் முழுகிவிடும். எண்பத்தைந்து வெள்ளத்தில், காய்ச்சலில் கொதித்த மகள் காந்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் அந்தப் பாலத்தைக் கடந்தவர் ஜெயவேலு. எண் திரும்பி வந்தால் மேம்பாலம் வரும் என்பது ஊரின் கனவு. அவருக்கும் அதே கனவுதான்.

அடுத்த வருடமே அதற்கு வழி பிறந்தது. பெருங்களத்தூரிலிருந்து மேற்கே ஒரு சாலையை மாநில நெடுஞ்சாலையாக உயர்த்தப் போகிறார்கள், அது நல்லேரிப்பாக்கம் வழியாகவும் போகலாம், பக்கத்து மேல்தாங்கல் வழியாகவும் போகலாம், வண்டி எண்ணிப் பார்த்துத்தான் முடிவு என்று செய்தி வந்தது. அந்தப் பொங்கல் விருந்தில், வடையும் பாயாசமும் தந்த உற்சாகத்தில், ஜெயவேலு வாயை விட்டுவிட்டார். ஆபீசில் எல்லா வண்டியையும் காராக மாற்றித்தான் கூட்டுவார்களாம். பஸ்ஸும் லாரியும் மூன்று காருக்குச் சமம். மாட்டு வண்டி மெதுவாகப் போய் வழியை அடைப்பதால் அது எட்டுக் காருக்குச் சமம்.

"எட்டா?" என்றார் எதிர் இலையில் உட்கார்ந்திருந்த துளசிங்கம். ஜெயவேலுவின் மனைவி அஞ்சம்மாளுக்கு அண்ணன். ஊரில் வாய் சவடாலுக்கும் தாராளத்துக்கும் பெயர்போனவர். அவர் வீட்டில் ஒரு மாட்டு வண்டி இருந்தது.

எண்ணும் வாரத்தின் மூன்றாம் நாள், ஆறு மணிக்குத் துளசிங்கத்தின் வண்டி வைக்கோல் பாரத்தோடு கல்லைத் தாண்டிப் போயிற்று. பின்னால் ஊரில் இருந்த மற்ற நான்கு வண்டிகளும். ஜெயவேலு ஐந்து கோடு போட்டார். பத்து நிமிடத்தில் ஐந்தும் அதே வைக்கோலோடு திரும்பி வந்தன. மறுபடி போயின, மறுபடி வந்தன. எட்டு மணிக்குள் துளசிங்கத்தின் இடது மாடு, கொம்பு முறிந்த மாடு, தரைப்பாலத்தைக் கண்டதும் யாரும் சொல்லாமலே திரும்பப் பழகிக்கொண்டது. ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் துளசிங்கம் வண்டியிலிருந்தபடி கண்ணடித்தார்.

"மச்சான், வாணாம்" என்றார் ஜெயவேலு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ கோட்ட போடு மாப்ள! வண்டி போவுதா இல்லியா? போவுதுல்ல? அப்ப போடு!"

வண்டி போனால் கோடு, அதுதான் விதி. ஜெயவேலு போட்டார். இரண்டு மணிக்குக் கூட்டியபோது நூற்றெண்பது மாட்டு வண்டி இருந்தது. அதாவது ஆயிரத்து நானூற்று நாற்பது கார். அந்த ஒரு காலைப் பொழுதுக்கு நல்லேரிப்பாக்கம் மவுண்ட் ரோடாகிவிட்டது.

தாளைக் கிளிப்பிலிருந்து எடுத்தவர் மறுபடி மாட்டினார். காந்தாவின் காய்ச்சல் உடம்பு தோளில் சுட்டது அவருக்கு நினைவில்லாமல் இல்லை. வெகுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, குறிப்புக் கட்டத்தில் பொடி எழுத்தில் எழுதினார்: 'இன்று சென்ற 180 மாட்டு வண்டிகளும் ஐந்தே வண்டிகள்தான். முதல் வண்டியின் இடது மாட்டுக்குக் கொம்பு முறிந்திருக்கும். அது என் மச்சான் துளசிங்கத்துடையது. வைக்கோல் கடைசி வரை இறக்கப்படவில்லை.'

ஆபீசே சிரித்ததாகக் கேள்வி. உதவிப் பொறியாளர் தோத்தாத்ரி அந்தத் தாளை மேசை மேசையாகக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினாராம். ஊரில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. மாடுகளைக் கழித்துப் பார்த்ததில் இரண்டு ஊருக்குமே வண்டி போதவில்லை என்று விஷயத்தைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். வந்துகொண்டிருந்த நம்பரை ஜெயவேலு பென்சிலால் குத்திக் கொன்றுவிட்டதாகப் பேச்சு.

"ஏன்யா, எழுதாம வுட்டா உன் கையி அழுகிடுமா?" என்று அஞ்சம்மாள் கேட்டாள்.

"பொய்க் கோட்ட வுட்டேன்னு வெச்சிக்க, நாளைக்கி என் நெஜக் கோட்ட எவன் நம்புவான்?"

துளசிங்கம் பேச்சை நிறுத்தினார். ஒரு நாள், ஒரு மாதம் அல்ல, எட்டு வருடம். ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் தூது அஞ்சம்மாள் வழியாகத்தான் போகும். "அஞ்சம்மா, ஃபேன போடச் சொல்லு." "கரண்டு இல்லன்னு சொல்லு." காந்தாவின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீரில் ஒரு குறையும் வைக்கவில்லை, பதினோரு தட்டு, மேளத்தோடு வந்தார். மருமகளுக்கு மாலை போட்டார், தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார், இலை போடும்போது செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஜெயவேலு பந்தலில் பரிமாறிக்கொண்டே இருந்தார். அன்றிரவு அவரும் சாப்பிடவில்லை. எதைப் பற்றியும் சிரித்துக்கொண்டே சொல்லும் மனிதர், இதைச் சொல்லும்போது மட்டும் ரோட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

வருடத்துக்கு இரண்டு வாரம் எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. தாளில் கட்டங்கள் மெல்ல நிரம்பின. கம்பெனி பஸ் வந்தது. வயல்களில் ஃபிளாட் எழும்பியது. ஃபிளாட்டுக்குத் தண்ணீர் லாரி வந்தது. மாட்டு வண்டிகளை விற்றுவிட்டு எல்லாரும் மொபெட் வாங்கினார்கள், துளசிங்கம் உட்பட. அவர் தினமும் கல்லடியைத் தாண்டித்தான் போவார். முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டு. ஜெயவேலு அந்த மொபெட்டுக்கும் ஒரு கோடு போடுவார்.

இந்த வருடம், தொண்ணூற்று நான்கில், பழைய ஃபைல் மறுபடி திறந்தது. அதே சாலை, அதே இரண்டு ஊர்கள். நல்லேரிப்பாக்கம் வழியாகவே கொடுக்கச் சொல்லி நூற்றிருபது கையெழுத்தோடு மனு எடுத்துக்கொண்டு துளசிங்கம் ஆபீசுக்குப் போனார், ஒரு சண்டைக்குத் தயாராக. தோத்தாத்ரி இப்போது அங்கே பெரிய அதிகாரி.

"பெட்டிஷனே வேண்டாம் சார்," என்றாராம் தோத்தாத்ரி. "மேல்தாங்கல் கணக்கு நம்பற மாதிரி இல்லை. ஒரே வாரத்துல டபுள் ஆகியிருக்கு. உங்க ஊர்ல எண்ணினது ஜெயவேலு. அவர் எண்ணினா நான் செக் பண்ண ஆளே அனுப்ப மாட்டேன். இதைப் பாருங்க, எய்ட்டி சிக்ஸ்ல எழுதினது. சொந்த மச்சானையே ரிப்போர்ட் பண்ணியிருக்கார்! அந்த மச்சான் யாரோ, பாவம்."

துளசிங்கம் அந்தக் குறிப்பை இரண்டு முறை படித்தார். "மாடு என்னுது சார்" என்றார்.

இவ்வளவும் அஞ்சம்மாள் சொல்லி ஜெயவேலுவுக்குத் தெரியும். எண் வந்தது. பழைய எண் அல்ல, வேறு எண். அதற்கும் ஊரில் நாலு பேர் முகம் சுளித்தார்கள். தரைப்பாலத்தின் பக்கத்தில் புதுப் பாலத்துக்குக் கம்பி இறங்கியது. கல்லின் தலைக்குப் பச்சை அடித்த அன்று, ஜெயவேலு மூன்று கோட்டிங் கொடுத்தார். ஒன்றே போதும் என்று மேஸ்திரி சொன்னது அவர் காதில் விழவில்லை. ஆனால் துளசிங்கத்தின் மொபெட் மட்டும் வழக்கம்போல ஏரியைப் பார்த்தபடியே போய்க்கொண்டிருந்தது.

போன மாதம் மறுபடி எண்ணும் வாரம். கடைசி நாள், ஒன்பது மணி இருக்கும். பச்சைத் தலைக் கல்லுக்குப் பக்கத்தில் ஜெயவேலு தார் டிரம்மில் உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பக்கமிருந்து துளசிங்கம் வருவது ஓரக் கண்ணில் தெரிந்தது. கையில் தூக்குவாளி. அரை மைல் தூரம் வெயிலில் நடந்து, வேர்த்து வழிய வந்தவர், குடை நிழலில் தரையில் உட்கார்ந்தார்.

ஜெயவேலு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வண்டி இன்னா ஆச்சி மச்சான்?"

"வூட்ல கீது. வண்டில வந்தா நீ கோடு போட்டுடுவ. அதான் நடந்து வந்தேன்."

தூக்குவாளியின் மூடியைத் திறந்தார். இட்லி, மேலே கறிக்குழம்பு. "உன் வூட்டுதுதான். அஞ்சம்மாவ கேட்டு வாங்கியாந்தேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டார். அடுத்ததையும் பிட்டார்.

தண்ணீர் லாரி ஒன்று போயிற்று. ஜெயவேலு லாரிக் கட்டத்தில் அதற்குரிய கோட்டைப் போட்டார். பிறகு பென்சில் தாளின் வலது ஓரத்துக்கு நகர்ந்து சற்று நின்றது. காலியாகக் கிடந்த குறிப்புக் கட்டத்தில், அழுத்தி, ஒரே ஒரு கோடு போட்டார்.