ரோச் இழுக்காத கயிறு

தூத்துக்குடி திரேஸ்புரத்து ரோச் முப்பது வருடமாகச் சங்கு குளிக்கிறவர். அன்று மூன்றாம் முறையாக அவரைப் பாதியிலேயே மேலே தூக்கிவிட்டார்கள்.

கடலடியில் மணல் பச்சை வெளிச்சத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. சங்கு ஊர்ந்த தடம் ஒன்று கோலம்போல வளைந்து போயிற்று. அதன்மேல் மிதந்துகொண்டிருந்தார் ரோச். இடது கை இடுப்புக் கயிற்றில் சும்மா கிடந்தது. அவ்வளவுதான்; கயிறு விறைத்தது, மேலே இருந்த வெளிச்சம் அவரை வாரிக்கொண்டது.

"ஏலே, எதுக்குத் தூக்குத?"

"நீருதான அத்தான் தூக்கச் சொல்லி ரெண்டு இழுப்பு இழுத்தீரு!" படகில் கயிறு பிடித்திருந்த அமலன் கத்தினான். ரோச்சின் மனைவி பேபிக்குத் தம்பி அவன். "கீழ என்ன, ஊஞ்சலா ஆடுதீரு?"

"நான் இழுக்கலலே."

அமலன் அத்தானின் இடது கையைப் பார்த்தான். அங்கே இல்லாத முத்து ஒன்றைப் பெருவிரலும் சுட்டுவிரலும் உருட்டிக்கொண்டிருந்தன.

அந்தக் கையைக் காட்டப் போனபோது, மில்லர்புரத்து டாக்டர் ஷீஜா தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்.

"கனவுல நீந்துதாரு டாக்டரம்மா," என்றாள் பேபி. "மிதிச்ச மிதியில கட்டில விட்டே விழுந்துட்டேன். நாலு வருசமா எனக்குத் தரையிலதான் படுக்கை."

ரோச்சுக்கு வெட்கமாக இருந்தது. கனவுக்கடலில் மூச்சே வேண்டியிருக்கவில்லை, கயிறும் கிடையாது.

"பார்க்கின்சன் நோய்," என்றார் டாக்டர். "அசைவைப் பார்த்துக்கிற மூளை அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமா அழியுது. காவலுக்குன்னு இருக்கிற அணுக்களும் பதறி எழுந்து, அடங்காம, நல்லதையும் சேதப்படுத்துது. அழற்சின்னு சொல்லுவோம்."

"எம் மச்சினன் மாதிரி. இழுக்காமலே தூக்குதான்."

டாக்டர் சிரித்துவிட்டார்.

"அத அடக்க மருந்து உண்டா?" என்று கேட்டார் ரோச்.

"தேடிட்டிருக்காங்க. இப்ப உள்ள மாத்திரை நடுக்கத்தக் குறைக்கும், நோய நிறுத்தாது. தினமும் நடங்க. கடலுக்கடியில மட்டும் இனிப் போகாதீங்க."

பேபி கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல் வரை போன ரோச் திரும்பினார். "மேல இருந்து கயிறு பிடிக்கலாமா?"

"சும்மா கிடக்கிற கைதான் உங்களுக்கு நடுங்குது. எதையாவது பிடிச்சா அடங்குது. மாத்திரை எப்படிக் கேட்குதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

இரண்டு மாதம் கழித்துச் சரி என்றார்.

இப்போது இறங்குவது அமலன். அவன் குதிக்கத் தயங்கினான்.

"கை ஆடுமா அத்தான்?"

"சும்மா இருந்தாத்தாம்லே ஆடும். குதி."

ரோச் கயிற்றை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அதன் வழியே அவர் மனம் கீழே இறங்கியது. பச்சை வெளிச்சம், மணல், வளைந்து போகும் தடம்.

கயிறு இரண்டு முறை அசைந்தது.

அமலனா, தானா? ஒரு கணம் இடது கையைப் பார்த்தார். அது அசையாமல் இருந்தது.

தூக்கினார். அமலனின் தலை தண்ணீரைப் பிளந்து வந்தது. "நான்தான் இழுத்தேன் அத்தான்!"

"தெரியும்லே," என்றார் ரோச்.