டப் என்று திறந்த மூடி

அந்தத் தெருவில் மளிகைக்கடை நடத்துகிறவளுக்கு 'ருசி அக்கா' என்று பெயர் விழுந்ததற்கு அவளேதான் காரணம். கல்லாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஜாம் பாட்டில் திறந்திருக்கும், கூடவே ஒரு ஸ்பூன். "ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்துட்டு வாங்குங்க. நான் யார் தலையிலயும் கட்டல" என்பாள். புருஷன் போன பிறகு அந்தக் கடையும் அந்த வாயும்தான் அவளைக் கரை சேர்த்தன.

அந்தப் பழக்கமே கடைசியில் அவள் கழுத்தைப் பிடித்தது. பஸ் கண்டக்டர் ஒருவர் அவளிடம் வாங்கிப் போன ஜாமில் கண்ணாடிச் சில்லு. நாக்கில் தையல். நாளெல்லாம் கூவிப் பிழைக்கிற மனுஷன் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தார். ஜாம் செய்த கம்பெனி மீதும், விற்ற கடை மீதும் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அக்காவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நாக்கு அறுபட்டவர் வேறு யாரைப் போய்க் கேட்பார்? அவளைப் பயமுறுத்தியது கம்பெனி வக்கீலின் பேச்சுதான்.

"இந்தம்மா கடையில பாட்டிலைத் திறந்து வெச்சு ஊருக்கே ருசி காட்டறாங்க. அப்படித் திறந்த ஒண்ணை மூடி இவர் தலையில கட்டிட்டாங்க. சில்லு அங்கதான் விழுந்திருக்கு" என்றார் அவர்.

திறந்து வைத்தது உண்மை. பழி அவள்மேல் விழுந்தால் கடையை விற்றுத்தான் நஷ்டஈடு கட்ட வேண்டும்.

கண்டக்டர் கூண்டில் ஏறினார். நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை.

"மூடி லூசா இருந்துச்சுன்னு சொன்னா உடனே செட்டில் பண்றோம்னு கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்தாரு. எனக்கு நஷ்டஈடு வேணும்தாங்க. ஆனா மூடி லூசா இல்ல. என் வீட்டுக்காரியால திறக்கவே முடியல. நான் துண்டைச் சுத்தித் திருகினேன். டப்புனு சத்தம் வந்துச்சு."

முதன்முறை திறக்கும்போது மட்டும் வருகிற சத்தம் அது. சீல் உடையாத பாட்டிலுக்குள் கிடந்ததற்குச் செய்தவர்களே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. கடையை விடுவித்தார்கள். வெளியே வந்த அக்கா நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாள். தன்மேல் வழக்குப் போட்ட மனிதரைக் கையெடுத்துக் கும்பிட அவளுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

நாக்கு ஆறி வேலைக்குப் போகத் தொடங்கியதும் கண்டக்டர் கடைக்கு வந்தார். கல்லாவின் பக்கம் காலியாக இருந்தது.

"ஸ்பூன் எங்கக்கா?"

"அந்த வேலையே இனி வேணாம் தம்பி. பட்டது போதும்."

"கம்பெனி பண்ண தப்புக்கு நாங்க ஏன்க்கா வாயைக் கட்டணும்?"

அக்கா வேறொரு கம்பெனியின் பாட்டிலை எடுத்துத் திருகினாள். டப். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் ஸ்பூனை அவள் தன் வாயில் போட்டு, நாக்கால் மெல்லத் துழாவி, நிதானமாக விழுங்கினாள். பிறகு வேறு ஸ்பூன் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இப்போ சாப்பிடு, தம்பி."

அன்றிலிருந்து அந்தக் கடையில் எந்தப் பாட்டில் திறந்தாலும் முதல் வாய் அவளுடையது.