கொட்டாப்புளி வாங்கிய அத்தை

பன்னிரண்டு உளிகள் கொண்ட சிவப்புப் பெட்டியை அத்தை வேண்டாம் என்று சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அப்போது ஐந்தாம் வகுப்பு முடிந்து முழுப்பரீட்சை லீவு. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை என்று அவருடைய மாமியார் ஒருநாள் மதுரைக்குக் கூட்டிவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். கூடவே வந்த மாமா காரை விட்டு இறங்கவே இல்லை. எனக்குச் சொல்லப்பட்டது, அத்தை ரெஸ்ட் எடுக்க வந்திருக்கிறார் என்று. ரெஸ்ட் எடுக்க வந்தவர் ஏன் விடியுமுன் எழுந்து நம் வாசலைத் தெளிக்கிறார் என்று கேட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

அத்தை போடும் கொடிக்கோலத்தைப் பார்க்க வண்டியை நிறுத்திவிட்டு நிற்பவர்கள் உண்டு. ஆனால் தண்ணீர் லாரி வந்து திரும்பினால் கோலம் காலி. ஒருநாள் அம்மாவின் போனில் யாரோ மரப்பலகையில் பூவும் கொடியும் செதுக்குவதைப் பார்த்தவர், அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அப்பாவிடம் வந்து நின்றார். “அண்ணே, நானும் மரத்துல செதுக்கிப் பாக்குறேன்ணே. இதுல லாரி ஏறாதுல்ல.” வந்த நாளிலிருந்து அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான். அப்பா உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் தொற்றிக்கொண்டேன்.

மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருந்த இரும்புச் சாமான் கடை அது. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள் என்று சொல்லிக் கடைக்காரர் அந்தச் சிவப்புப் பெட்டியைத் திறந்து வைத்தார். உள்ளே வெல்வெட் துணியில் பன்னிரண்டும் வரிசையாகப் படுத்திருந்தன. அப்பா பாக்கெட்டில் கைவிட்டுவிட்டார். நான் மனசுக்குள் பெட்டியைத் தூக்கி என் புத்தக அலமாரியில் வைத்தும்விட்டேன். அத்தை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிடி வழுக்கிற்று, முனையில் கூர்மை இல்லை. பெட்டியை மெல்ல மூடிவிட்டு உதிரியாகக் கிடந்த உளிகளைக் கிளற ஆரம்பித்தார். கோடு இழுக்க வி போல மடிந்த உளி ஒன்று, இதழைக் குடைய வளைந்த உளி ஒன்று, சுற்றிலும் மரத்தைச் சீவித் தள்ளத் தட்டை உளி ஒன்று. அவ்வளவுதான். தீட்ட ஒரு சாணைக்கல், பழக மெத்தென்ற குமிழ மரத்துண்டு, அப்புறம் ஒரு கொட்டாப்புளி. உளியின் தலையில் தட்டுகிற மரச்சுத்தியலுக்கு அதுதான் பெயர் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். இரும்புச் சுத்தியலால் அடித்தால் உளியின் பிடி பிளந்துவிடுமாம்.

“மூணு போதும்ணே. பன்னெண்டையும் தீட்டிக்கிட்டிருந்தா செதுக்குறது எப்ப? நாலாவது உளியப் பத்தி, இங்கயே இருக்குறதுன்னு ஆனா யோசிப்போம்” என்றார் அத்தை.

அப்பாவுக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடித்துப்போயிற்று. மூன்றோடு நிறுத்திவிட்டாள், அப்படியானால் திரும்பிப் போகும் எண்ணம் இருக்கிறது என்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னார். உளி, சாணைக்கல், கொட்டாப்புளி என்று அவர் அடுக்கியதில் அம்மாவின் காதில் விழுந்தது வேறு. “பானை நெறையப் புளி கெடக்கு, இன்னும் எதுக்குக் கொட்டைப்புளி?” என்றார். அத்தை கொட்டாப்புளியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

அதற்கப்புறம் நாள் முழுக்க டொக்கு டொக்கு என்று சத்தம். பெட்டி கிடைக்காத கடுப்பில் நான் ஒருவார்த்தை பேசவில்லை. அந்தச் சமயத்தில்தான் சோழவந்தானிலிருந்து அத்தையின் மாமியார் போன் செய்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்தார், நான் எடுத்தேன். அத்தை என்ன செய்கிறாள் என்று கேட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். “கொட்டாப்புளி வாங்கிட்டு வந்ததுலருந்து எந்நேரமும் அதான் பாட்டி. கீழயே வைக்க மாட்டேங்கிறாங்க” என்று புகார் வாசித்தேன். “புளியா? எம்புட்டு நாளா?” என்று கேட்டார். நாலைந்து நாளாக என்றேன். போன் வைக்கப்பட்டது.

மறுநாள் காலையிலேயே கார் வந்து நின்றது. இந்தத் தடவை மாமாதான் முதலில் இறங்கினார். பழத்தட்டு, மல்லிகைப்பூ, வளையல், வெற்றிலைக்கட்டு, ஒரு பை நிறைய மாங்காய். மாமியார் நேராக வந்து அத்தையின் தாடையைப் பிடித்துக்கொண்டார். “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாத்தா? புளியாத் தின்னுக்கிட்டிருக்கியாம்ல. பாப்பா சொல்லித்தான் தெரியணுமா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாமா அத்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அதற்குள் மாமியார் அத்தையின் தலையில் பூவையும் வைத்துவிட்டார். அத்தை அந்தப் பூவைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு மாமாவின் அந்தச் சிரிப்பு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு உள்ளே போய்க் கொட்டாப்புளியை எடுத்துவந்து பழத்தட்டின் மேல் வைத்தார்.

“இதான் கொட்டாப்புளி. வேற ஒண்ணும் இல்ல” என்றவர், மாமாவின் பக்கம் திரும்பினார். “இப்பவும் கூப்புட்டா வாரேன். கூப்புடுறீங்களா?”

மாமா தன் அம்மாவைப் பார்த்தார். அவர் அம்மா காரைப் பார்த்தார். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று ஏதோ சொன்னார்கள். மாமா கொட்டாப்புளியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டார். “போயிட்டு வாரேன்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அத்தை தலையை மட்டும் ஆட்டினார். மாங்காய்ப் பையை மறந்துவிட்டார்கள்.

என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம். உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தேன். உள்ளறையில் மறுபடியும் டொக்கு டொக்கு கேட்க ஆரம்பித்தது. அது சாயங்காலம் வரை நிற்கவில்லை.

விளக்குப் போடும் நேரத்தில் அத்தை முந்தானையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அண்ணே, நாளைக்கு அந்தக் கடைக்குப் போவமா? நாலாவது உளி ஒண்ணு வாங்கணும்.”

அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிவப்புப் பெட்டியை அன்றைக்கே வாங்காமல் விட்டோமே என்றுதான் அழுகிறார் என்று எனக்குப் பட்டது. பெட்டி போனால் போகிறது என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டு, அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

“பரவால்லப்பா,” என்றேன். “நாலு போதும்.”