அம்மா போட்ட டீ

பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு அம்மா யாரோடும் சரியாகப் பேசவில்லை. நடவு வயலில் மற்ற பெண்களுக்கெல்லாம் முன்னால் போன கை அது.

கீழ்வேளூரில் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய தொண்டு அமைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறது. அங்கிருந்து ஒரு பெண் ஸ்கூட்டியில் வாராவாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கொடுத்த ரப்பர் பந்தை அம்மா தொடவே இல்லை.

“வந்த பொண்ணுக்கு ஒரு டீ போட்டுக் குடுக்க முடியல. பந்து வேற எதுக்கு?” என்றார்.

“அப்ப டீ போடுறதையே பயிற்சியா வச்சுக்குவோம்மா,” என்றார் அந்தப் பெண்.

அன்று முதல் டப்பா மூடியைத் திறப்பதும், கரண்டியைப் பிடிப்பதும், வெறும் டம்ளரைத் தூக்குவதும்தான் பயிற்சி. மாதங்கள் ஓடின. ஒருநாள் மாலை அம்மா தானே டீ போட்டு, வலது கையால் டம்ளரை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். கை நடுங்கியதில் கொஞ்சம் தரையில் சிந்தியது. அவருக்கு ரமலான் நோன்பு தொடங்கியிருந்ததை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

“இன்னைக்கு நோன்பும்மா,” என்றவர், அம்மாவின் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டு, “ஃபிளாஸ்க் இருந்தா அதுல ஊத்திக் குடுங்க. நோன்பு திறக்கறப்ப குடிக்கிறேன்,” என்றார்.

நான் உதவப் போனேன். அந்தப் பெண் கண்ணாலேயே தடுத்துவிட்டார். அம்மாதான் ஊற்றினார். ஃபிளாஸ்க்கை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கிளம்பினார்.

பொழுது சாய்ந்ததும் அம்மா வாசலில் வந்து உட்கார்ந்தார். வயல்களுக்கு அப்பால் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது.

“இப்ப குடிச்சிருக்கும் அந்தப் பொண்ணு. சக்கரை பத்துச்சோ என்னமோ,” என்றார்.