கொஞ்சம் சரிந்த படம்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் தோர்ண்டன் ஹீத்தில், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே சின்ன அச்சகம் வைத்திருக்கும் அந்த மனிதரின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நாற்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் எதையும் வாசிப்பார். இறந்தவர்களுக்கான முப்பத்தோராம் நாள் நினைவுமலர்களே அவருக்கு முக்கிய வேலை. எங்கள் சிற்றிதழையும் அவரே அச்சிடுகிறார்.

ஒரு மர்ம நாவலுக்கு நான் எழுதிய மதிப்புரையைப் பக்கம் அமைக்கும்போது வாசித்திருக்கிறார். தன் கணவனைக் கொன்றது யார் என்று தேடும் ஒரு பெண் எழுத்தாளரின் கதை அது. கணவனைப் பற்றிய ஒரே அத்தியாயத்தை அவள் திரும்பத் திரும்பத் திருத்துகிற நாற்பது பக்கங்களும் வீண் என்று எழுதியிருந்தேன்.

“அது வீணில்லை அண்ணை. எழுதி முடிச்சிட்டால் அவன் உண்மையாவே போயிடுவான் எல்லே,” என்றார்.

அச்சகக்காரர் எனக்கு இலக்கியம் சொல்வதா என்று சுள்ளென்று கோபம் வந்தது. அவர் விடவில்லை.

“இஞ்ச வாற சனமும் அப்பிடித்தான். அச்சடியுங்கோ எண்டு சொல்ல மனம் வராது. அதாலை சரிபார்க்கக் குடுக்கிற புரூஃபிலை ஒரு படத்தை வேணுமெண்டே கொஞ்சம் சரிச்சு வைப்பன். அதைத் திருத்த இன்னொருக்கா வருவினம். பிறகுதான் ஓம் எண்டுவினம்.”

மதிப்புரையில் வீண் என்று எழுதிய அந்த வரியை வெட்டச் சொன்னேன்.

போன மாதம் என் அம்மாவின் நினைவுமலரையும் அவரிடமே கொடுத்தேன். புரூஃபில் அம்மாவின் படம் இலேசாகச் சரிந்திருந்தது. காரணம் எனக்குத் தெரியும். நேராக்க ஒரு நிமிடம் போதும். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

“நாளைக்கு வந்து சொல்லுறன், தம்பி,” என்றேன்.