அக்காவின் காருக்கு நான் வாங்கிய இரண்டு டயர்கள்

தொண்ணூறுகளின் நடுவில் என் அக்கா ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். இங்கிலாந்தில் செய்த வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே மடக்கி வைக்கிற மாதிரி கித்தான் கூரை. பீளமேட்டில் ஒரு மில்காரர் வீட்டு ஷெட்டில் பல வருடம் சும்மா நின்றிருந்தது. அக்கா குழந்தைகள் மருத்துவர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்சை எடுக்கிறவர்கள் எல்லாரும் ஓய்ந்துபோயிருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் கோவையிலிருந்து அன்னூருக்குப் போய் கிளினிக்கில் உட்காருவாள். இனி இந்தக் காரில்தான் போகப்போகிறேன் என்றாள்.

எஞ்சினைச் சரிசெய்துவிட்டார்கள். டயர்களின் ரப்பர்தான் காய்ந்து பாளம்பாளமாக வெடித்திருந்தது.

"கண்ணு, டயர் மட்டும் நீ பாத்து மாத்திப்போடு. எனக்கு அதெல்லாம் தெரியாது" என்றாள்.

எனக்கும் தெரியாது. நான் பம்புக்கு வார்ப்படம் போடுகிற பட்டறை நடத்திக்கொண்டிருந்தேன். இரும்போடு புழங்குகிறவனுக்குக் காரும் தெரியும் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். நான் அதை மறுத்ததில்லை. "சரிங்க்கா, பாத்துக்கறேன்" என்றேன்.

அந்த அளவில் பழைய மாதிரி நைலான் டயர்கள் தேடினால் கிடைத்தன. ஆனால் அப்போதுதான் புதிய கார்களோடு ரேடியல் டயர் எங்கள் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. ரேடியல் ரோட்டை நன்றாகப் பிடிக்கும் என்றார்கள். கடைக்காரர் இரண்டு டயரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நைலானில் உள்ளே நூல் குறுக்கும் மறுக்குமாக ஓடும், ரேடியலில் நேராக ஓடும் என்று விளக்கினார். தலையை ஆட்டினேன். வெளியே இரண்டும் கறுப்பாக, வட்டமாக இருந்தன.

ரேடியலே போடலாம் என்று முடிவு செய்தேன். கடையில் இரண்டுதான் இருந்தது. மற்ற இரண்டும் அடுத்த லோடில் வரும், பத்து நாளாகும் என்றார்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒருவர் ஷெட் போட்டு ரேஸ் கார் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சில வார்ப்படங்கள் எங்கள் பட்டறையில் செய்தவை. இப்போதைக்கு இரண்டை மட்டும் மாட்டலாமா என்று கேட்கக் கடையிலிருந்தே அவருக்குப் போன் போட்டேன்.

"நாலும் ஒண்ணாவே மாத்தோணுமுங்க. கலந்து போடாதீங்க" என்றார். "வேற வழியே இல்லீன்னா புதுசைப் பின்னாடி போடுங்க."

போனை வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஏனுங்க, ஸ்டேரிங் எங்கீங்க இருக்குது? முன்னாடி வீலைத்தானுங்க திருப்பறோம்? நல்ல டயரைக் கொண்டுபோய்ப் பின்னாடி போட்டா என்ன பிரயோசனம்?"

கடைக்காரர் சொன்னதில் காரணம் இருந்தது. ரேஸ் கார்க்காரர் காரணம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும். முன்னால் இரண்டு ரேடியல், பின்னால், வண்டியில் ஏற்கெனவே இருந்ததில் சுமாரான நைலான் இரண்டு என்று மாட்டச் சொன்னேன்.

அக்கா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டாள். "ஸ்டேரிங் சொன்ன பேச்சு கேக்குது" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த வாரமே ஒரு நாள் மதியம் அவளோடு அன்னூருக்குக் கிளம்பினேன். சத்தி ரோட்டில் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கித்தான் கூரையின் ஓரத்தில் தண்ணீர் ஒழுகி என் தோளில் விழுந்துகொண்டிருந்தது. தென்னந்தோப்பு ஒன்றைத் தொட்டு ரோடு இடது பக்கம் வளையும். வளைவில் பாதி போனதும் வேகம் அதிகம் என்று பட்டதோ என்னவோ, அக்கா ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தாள். முன்பக்கம் ஒழுங்காகத் திரும்பியது. பின்பக்கம் நிற்கவில்லை. தென்னை மரங்கள் முன்கண்ணாடியில் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு ஓடின. அப்புறம் ரோடு தெரிந்தது. அதில் நாங்கள் வந்த திசையில் ஒரு லாரி எங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

கோழித் தீவனம் ஏற்றிய லாரி. பின்னாலேயே வந்தவர் எப்படியோ நிறுத்திவிட்டார். எங்கள் வண்டி முழுக்கத் திரும்பி, கோவையைப் பார்த்து நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்து, "அம்மணி, அடி கிடி பட்டுப்போச்சுங்களா?" என்றார்.

"இல்லீங்க" என்றாள் அக்கா. அவள் கை ஸ்டேரிங்கை விடவே இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்று கேட்டாள்.

நான் "மழைங்க்கா" என்றேன்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு நடக்கிற வேகத்தில் அன்னூர் போனோம். குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் காத்திருந்தார்கள். அவள் உள்ளே போய் வேலையை ஆரம்பித்துவிட்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடி, தப்பு அவளுடையது என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ரேஸ் கார்க்காரர் வந்து வண்டியைப் பார்த்தார். அக்கா பக்கத்திலேயே நின்றாள்.

"முன்னாடி வழுக்குனா வண்டி நேராப் போகுமுங்க, பிரேக்கடிச்சு நிறுத்திப்போடலாம். பின்னாடி வழுக்குனா வால் முன்னாடி வந்துரும். அதுக்குத்தானுங்க பின்னாடி போடச் சொன்னேன்" என்றார் என்னிடம்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உன்கிட்டச் சொல்லியிருந்தாரா?"

"சொன்னாருங்க. எனக்குப் புரியலீங்க்கா. புரியலைன்னு சொல்லவும் மனசு வரலை."

அவள் திட்டுவாள் என்று நின்றேன். "ராத்திரி பூரா என்ற கால் எங்கிருந்துச்சு, கை எங்கிருந்துச்சுன்னு யோசிச்சுட்டே கெடந்தேன்" என்று மட்டும் சொன்னாள். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

அடுத்த லோடு வந்ததும் நாலுமே ரேடியல் ஆனது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மாதம் ஓட்டிவிட்டு அக்கா, "இது பிடிக்கலை கண்ணு" என்றாள். வண்டி ரோட்டை நன்றாகத்தான் பிடிக்கிறதாம். ஆனால் பிடி எங்கே விடும் என்று முன்கூட்டிச் சொல்வதில்லையாம். ஷெட்டிலிருந்து எடுத்த புதிதில், நாலும் வெடிப்பு விழுந்த நைலானாக இருந்தபோது ஓட்டினால், அது மெதுவாக நழுவி, இதோ நழுவுகிறேன் என்று இடுப்பில் சொல்லுமாம். நிறுத்துகையில் வண்டி கெட்டியாக இருப்பது ஒரு சுகம், வளைகையில் அது பேசுவது இன்னொரு சுகம், இரண்டில் எது வேண்டும் என்று தெரியவில்லை என்றாள்.

ரேஸ் கார்க்காரரைக் கேட்டோம். பின் டயரில் இரண்டு பவுண்டு காற்றுக் கூட்டச் சொன்னார். கூட்டியதும் தேவலை என்றாள். அடுத்த வாரம் இறக்கச் சொன்னாள். எதிலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியை வாங்கிக்கொண்டு நான் மட்டும் அந்தத் தென்னந்தோப்பு வளைவுக்குப் போனேன். காய்ந்த ரோடு. நாலு தடவை போனேன், நாலு தடவை வந்தேன். இடுப்பில் ஏதாவது சொல்கிறதா என்று கவனித்தேன். ஐந்தாவது தடவை தோப்புக்காரர் வெளியே வந்து, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லீங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள் அக்கா.

"தெரியலீங்க்கா."

"எனக்குந்தான்" என்றாள். சாவியை வாங்கிக்கொண்டு, காற்று அளக்கிற கேஜை எங்கே வைத்தாய் என்று கேட்டாள்.