கண்ணாடி போட்டாச்சு

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் போங்கள். யாரையும் கெஞ்சப் போவதில்லை. என் இரண்டு கண்ணால் பார்த்தது இது.

நான் வேலை பார்ப்பது மிருக ஆஸ்பத்திரியின் லேசர் அறையில். நசுங்கிய நரம்புக்குத் தினமும் லேசர் ஒளி காட்டினால் சில சமயம் உணர்வு திரும்பும். அதற்காக வந்தவன்தான் சண்டியர். தெருநாய். வண்டி ஏறி ஒரு பின்னங்கால் மரத்துப் போயிருந்தது.

அன்று சாயங்காலம் டாக்டர் கதவருகே நின்றார்.

"நாளைக்கு அவன் விரலைக் கிள்ளிப் பாப்பேன். அசையலைன்னா அந்தக் காலை வெட்டி எடுத்துட வேண்டியதுதான்மா."

"நான் இருக்கிற வரைக்கும் விடமாட்டேன் சார்."

"அவனுக்கு மேல சண்டியரா இருக்கியே நீ!" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எங்கள் அறையில் ஒரு வழக்கம். லேசர் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். அதனால் லேசரை இயக்கும் பெடலை மிதிக்கும் முன் "கண்ணாடி!" என்று கத்துவோம். கூட இருப்பவர் "போட்டாச்சு" என்ற பிறகுதான் மிதிப்போம்.

மணி 6:40. கதவைச் சாத்தினேன். சண்டியரின் கண்ணுக்குத் துணி கட்டினேன். என் கண்ணாடியைப் போட்டேன். அறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் வாய்ப்பழக்கம்...

"கண்ணாடி!"

"போட்டாச்சு."

என் முதுகுக்குப் பின்னால்.

சண்டியரின் காது நிமிர்ந்தது. வால் ஆடியது.

மிதித்தேன். பீப்... பீப்... மழித்த தொடையில் சிவப்புப் புள்ளி விழுந்தது. ஒளி வரும் கைப்பிடியைக் கீழே நகர்த்தினேன்.

புள்ளி நகரவில்லை.

பெடலை விட்டேன். பீப் நின்றது. புள்ளி அங்கேயே இருந்தது. வெளிச்சம் என் தோளுக்கு மேலாக வந்துகொண்டிருந்தது...

பயம்தான். ஆனால் பயத்துக்கு மேல் கோபம் வந்தது.

லேசர் வரும் பக்கம் திரும்பக் கூடாது. அதுவும் எங்கள் சட்டம்.

திரும்பவில்லை.

"யாரா வேணா இருந்துக்கோ. இவன் காலை மட்டும் கைவிட்டுடாதே!"

காதோரம் மூச்சு... குளிர்ந்த மூச்சு...

சண்டியரின் விரல் துடித்தது.

புள்ளி அணைந்தது.

மறுநாள் டாக்டர் கிள்ளினார். சண்டியர் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு உறுமினான். "பாத்தீங்களா சார்?" என்றேன். அவர் இன்னொரு தடவை கிள்ளிப் பார்த்தார்.

மதியம் மெஷினைப் பார்க்க மெக்கானிக் வந்தார். கைப்பிடியைக் கழற்றியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏம்மா, நேத்து இதை வெச்சா வேலை பாத்தீங்க? உள்ள ஒளி போற கம்பி நேத்துக் காலையிலயே அறுந்துபோச்சு, மெஷின்லயே பதிஞ்சிருக்கு. பீப் சத்தம்தான் வரும். ஒரு பொட்டு வெளிச்சம் வராதே!"

எங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பது ஒரே ஒரு லேசர்.

நடந்ததைச் சொன்னதும், வேறு அறை தருகிறேன் என்றார் டாக்டர். போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போதும் தனியாக இருக்கும்போதுகூட "கண்ணாடி!" என்று கத்துகிறேன்.

பதில் வராமல் ஒருநாளும் மிதித்ததில்லை.